கையைத் தூக்கிய ஆண்களும் கதவைச் சாத்திய பெண்களும்

என் சொந்த உம்மா என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய அந்தக் காலையில், எனக்குப் பின்னால் நான்கு நாட்டு மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவன் முதுகில் மருந்து விசிறும் தாங்கி. ஒருத்தி கையில் வாளி. வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. ஒழுங்கை மணல் சுட்டது. தாங்கியின் மூடி சரியாக இறுகாததால் அழுகிய உள்ளி வாசம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. அதுவரை அந்த ஒழுங்கையில் சாத்திய கதவுகளுக்கெல்லாம் நான்தான் முன்னால் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். "அடுத்த வீட்டில் பாருங்கள், அது எங்கள் வீடு" என்று அரைகுறை ஆங்கிலத்தில் பெருமையடித்தும் இருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"புள்ளத்தாச்சி இரிக்கிற ஊடு இது. நாத்த மருந்து வேணா. எல்லாரும் போங்க." கொஞ்சம் பொறுத்து, "நீயும் அவங்களோடயே போ."

என்ன சொல்கிறார் என்று மாணவர்களின் தலைவன் ரமோன் கேட்டான். யோசித்துச் சொல்கிறாராம் என்றேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த அளவு சுதந்திரமாவது இருக்க வேண்டும்.

சூறாவளிக்குப் பின் வந்தவர்கள்

சூறாவளியைப் பற்றிப் போன கிழமை எழுதியபோது, கூரைகள் பறந்ததோடு நிறுத்திவிட்டேன். அதற்கு அடுத்த வருடம் வந்த காய்ச்சலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூரை பறப்பது பார்க்கப் பெரிய காரியம். காய்ச்சல் பாயில் கிடந்து நடுங்குவதோடு சரி.

எங்கள் சாய்ந்தமருதில் மலேரியா பெரும்பாலும் வயலிலிருந்துதான் வந்தது. ஆண்கள் விதைப்புக்கும் அறுவடைக்கும் மேற்கே வட்டை என்கிற வயல்வெளிகளுக்குப் போய், குடிசை போல வாடி கட்டிக் கிழமைக்கணக்கில் தங்குவார்கள். திரும்பி வரும்போது நெல்லோடு நடுக்கத்தையும் கொண்டுவருவார்கள். மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும். பிறகு வியர்த்துக் கொட்டும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து தேத்தண்ணி கேட்பார்கள். அதற்கடுத்த நாள் மறுபடி நடுங்குவார்கள்.

அந்தக் காலத்தில்தான் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் ஒரு கூட்டமாக வந்து எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கினார்கள். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. இதே போன்ற மாணவர் முகாம்கள் அதே மாதங்களில் வேறு பல நாடுகளிலும் நடந்துகொண்டிருந்தன. எல்லாரும் மாணவர்கள், எல்லாருக்கும் ஒரே எதிரி. ஒரு முகாமில் கண்டுபிடித்ததைக் கிழமைக்கு ஒருமுறை தட்டெழுத்தில் அடித்து மற்ற முகாம்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். கல்முனைத் தபாற்கந்தோரில் அவ்வளவு நாட்டு முத்திரைகளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

எங்கள் முகாமின் தலைவன் ரமோன். பிலிப்பைன்ஸ்காரன். சோறும் மீனும் தின்று வளர்ந்தவன். எங்கள் கருவாட்டுக் கறியை வழித்துச் சாப்பிட்டான். பிரேசிலிலிருந்து ஒருவன் வந்திருந்தான். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் நாட்டு மாணவர் சிலர் இருந்தார்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலாக, சுஆத் இருந்தாள்.

சுஆத் சூடான் நாட்டவள். நல்ல உயரம், நல்ல கறுப்பு. தலை முதல் கால்வரை ஒரே நீளத் துணியைச் சுற்றியிருப்பாள். அவள் கல்முனை பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைத்தெருவில் சலாம் சொல்லிக்கொண்டு நடந்த அன்று வியாபாரம் அரை மணித்தியாலம் நின்றுபோனது. முஸ்லிம் பெண் இப்படித் தனியாகக் கடல் தாண்டி வந்து டொக்டருக்குப் படிக்கிறாளா என்று ஊர் வாயைப் பிளந்தது. பெண்பிள்ளையான எனக்கு முகாமுக்குப் போக என் வாப்பா அனுமதி தந்ததே அவளை நம்பித்தான்.

நான் அப்போது உயர்தர வகுப்பில் இருந்தேன். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். வாய் அதைவிடப் பெரியது. அந்த இரண்டுமே மொழிபெயர்ப்பாளருக்குப் போதுமான தகுதி என்று ரமோன் நினைத்தான், பாவம்.

முதல் நாளே அவன் கரும்பலகையில் ஒரு சுவரை வரைந்தான். நுளம்பு இரத்தம் குடித்ததும் உடல் கனத்துவிடும், தூரம் பறக்காது, பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே அதன் கதை முடியும். ஆனால் நாலு வீட்டுக்கு அடித்து நாலு வீட்டை விட்டால் பிரயோசனமில்லை. ஊர் முழுக்க, எல்லா அறைகளுக்கும் அடிக்க வேண்டும். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் எந்தச் சுவருக்கு முதலில் அடிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

உம்மா சொன்ன புள்ளத்தாச்சி என் அக்கா, ராத்தா. அவளுக்கு அது தலைப்பிள்ளை. நான்காம் மாதத்தில் அவளுடைய மாப்பிள்ளை, எங்கள் மச்சானிடமிருந்து காய்ச்சல் அவளுக்கும் தொற்றி, கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்திருந்தாள். இன்னொரு தடவை இந்தக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு நான் பொறுப்பில்லை என்று அங்கே டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜும்ஆவுக்குப் பின்

ஊர்ச் சம்மதம் வாங்க வேண்டும் என்றான் ரமோன். அவன் அப்படிக் கேட்டதில் பிழையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மௌலவியின் அனுமதியோடு பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, எங்கள் நாட்டு மாணவன் ஒருவன் தமிழில் சொல்ல, நுளம்பையும் சுவரையும் பற்றி விளக்கினான். பிறகு, உங்கள் வீடுகளுக்கு மருந்தடிக்கச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றான்.

எல்லாரும் தூக்கினார்கள். வாப்பா தூக்கினார். மச்சான் தூக்கினார். பின் வரிசையில் நின்ற ஒருவர் இரண்டு கையையும் தூக்கினாராம்.

அன்று பின்னேரம் முகாமில் பெருநாள்தான். இப்படியொரு ஒத்துழைப்பை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று பிரேசில்காரன் சொன்னான். ரமோன் அன்றே உட்கார்ந்து மற்ற முகாம்களுக்கு எழுதி அனுப்பியும் விட்டான்.

சனிக்கிழமை காலை நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். கையைத் தூக்கிய ஆண்கள் விடியற்காலையிலேயே வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அன்று எங்களுக்குத் திறந்த ஒரே கதவு பள்ளிக்கூட அதிபருடைய குவாட்டஸின் கதவு. அது அரசாங்கத்தின் வீடு.

வீடு யாருடைய வீடு

மத்தியானம் எல்லாரும் மண்டபத்துக்குத் திரும்பித் தாங்கிகளை இறக்கி வைத்தார்கள். மருந்தும் தாங்கிகளும் கொடுத்திருந்த சுகாதாரப் பகுதி மேற்பார்வையாளர் வந்து, இந்த ஊர் ஆட்களுக்கு அறிவில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்குள் வீடுகள் முடியாவிட்டால் தாங்கிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஊரை நான் ஏசலாம். மற்றவர் ஏசக் கூடாது.

நேரம் பார்த்து மச்சான் வந்து மாட்டினார். நேற்றுக் கையைத் தூக்கினீர்களே, இன்று ஏன் கதவு திறக்கவில்லை என்று ரமோன் கேட்டான். மச்சான் கொஞ்சமும் அசையவில்லை.

"மருந்தடிக்கலாமா எண்டு கேட்டாரு. அடிக்கலாம்தான். என்ட ஊடு எண்டு நான் எப்ப சென்ன?"

இதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது. மகள் பிறந்தால் வீடு கட்ட வேண்டும். கல்யாணத்தன்று அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். வாப்பா உம்மாவின் வீட்டுக்கு அப்படித்தான் வந்தார். உம்மா அந்த வீட்டை ராத்தாவுக்கு எழுதிய பிறகு, மச்சானும் அப்படித்தான் வந்தார். எனக்கென்று பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டுக் கிடந்தது. இவ்வளவும் தெரிந்த நானே, ஆண்களிடம் சம்மதம் கேட்கப் போகிறோம் என்றபோது தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஊரில் ஒரு ஆண்மகனாவது இது என்னுடைய வீடில்லை தம்பி என்று வாயைத் திறந்திருக்கலாம். வெளிநாட்டுப் பொடியன் முன்னால் அதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அப்படியானால் உன் வாப்பா அந்த வீட்டில் யார் என்று ரமோன் கேட்டான். மாப்பிள்ளை என்றேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகுமா என்றான். சுஆத் தன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, நாளைக்கு நாம் இருவரும் போவோம், தாங்கி வேண்டாம் என்றாள்.

அசருக்குப் பின்

எங்கள் பெண்களுக்குப் பொழுது கிடைப்பது பின்னேர அசர் தொழுகைக்கும் அந்திநேர மஃரிபுக்கும் நடுவில்தான். அந்த நேரத்தில் வேலிக் கடப்புகள் எல்லாம் திறந்திருக்கும். யாராவது ஒருத்தியின் வளவில் கூடிப் பாய் இழைப்பார்கள், பேன் பார்ப்பார்கள், ஊரைக் கழுவிக் காயப்போடுவார்கள். சுஆத் போய் அந்த மணலில் அவர்களோடு உட்கார்ந்தாள். யாரோ ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஏன் கதவைச் சாத்தினீர்கள் என்று மட்டும் என்னைக் கேட்கச் சொன்னாள்.

கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. சூறாவளிக்குப் பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய சுவர். வெள்ளையடித்த ஈரம் காயவில்லை. மருந்து பட்டால் பட்டை பட்டையாகக் கறை விழும். அதையாவது பொறுக்கலாம். போன முறை மருந்தடிக்க வந்த ஆம்பிளைகள் செருப்போடு அறைக்குள் போனார்கள். கட்டில், அலுமாரி, நெல் மூட்டை எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் வைத்தார்கள். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெருவே நின்று பார்த்தது. அதில் ஒருத்தியுடைய கிழிந்த மெத்தை இன்றுவரை ஊரில் கதையாக இருக்கிறது.

அறிவில்லாத ஆட்கள் என்றாரே மேற்பார்வையாளர்! இதில் எந்த இடத்தில் அறிவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

சுஆத் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தன்னுடைய ராத்தாவைப் பற்றிச் சொன்னாள். நைல் நதிக் கரையில் அவர்களுடைய கிராமம். ராத்தாவுக்கு ஏழாம் மாதத்தில் இதே காய்ச்சல். பிள்ளையும் போனது, இரண்டு நாளில் ராத்தாவும் போனாள். அதற்குப் பிறகுதான் நான் டொக்டருக்குப் படிக்க வேண்டும் என்று எங்கள் வாப்பாவோடு சண்டை பிடித்தேன் என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். பாய்க்குப் பன்புல் இழைத்த கைகள் நின்றுவிட்டன.

கடைசியில் உடன்பாடு இதுதான்: உள் அறைகளுக்குப் பெண்பிள்ளைகள்தான் மருந்தடிக்க வேண்டும். சாமான்கள் தெருப்பக்கம் போகாமல் பின்வளவில், சேலை கட்டி மறைத்த இடத்தில் வைக்கப்படும். செருப்பு வாசலோடு. மேற்பார்வையாளர் முதலில் மூக்கைச் சுளித்தார். பெண்களுக்குத் தாங்கி பாரம் என்றார். குடத்தில் தண்ணீர் சுமக்கிறவர்களுக்கு இது பாரமா என்று நான் கேட்டேன். அவரே நின்று எங்களுக்குப் பழக்கித் தந்தார். திங்கட்கிழமை முதல் ஒழுங்கை ஒழுங்கையாகக் கதவுகள் திறந்தன.

அந்தக் கிழமை ரமோன் மற்ற முகாம்களுக்கு அனுப்பிய அறிக்கையை நான்தான் தட்டெழுத்தில் அடித்தேன். வீடு யாருடையது என்று முதலில் விசாரியுங்கள் என்பதுதான் அதன் முதல் வரி. ஆபிரிக்காவில் ஒரு முகாமிலிருந்து, நாங்களும் இத்தனை நாளாகப் பிழையான ஆளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பதில் வந்தது. எங்கள் ஒழுங்கையில் கற்ற பாடம் கடல் தாண்டிப் போய் ஒரு ஊருக்கு உதவியது. அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

ராத்தா சொன்னது

வியாழக்கிழமையாகியும் ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. எங்கள் கதவு.

உம்மாவைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதீர்கள். அவர் பயந்திருந்தார். பிள்ளைத்தாச்சி படுக்கும் அறையில் கட்டிலை நகர்த்தக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர். அந்த வாசம் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்விடும் என்று நம்பினார். நானும் பயந்திருந்தேன். மச்சான் புதன்கிழமை வட்டையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து, அதே அறையில் படுத்திருந்தார். அவருடைய இரத்தத்தைக் குடித்த நுளம்பு அடுத்ததாக யாரைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே பிள்ளைக்காகத்தான் நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம்.

வெள்ளிக்கிழமை தாங்கிகள் போய்விடும். நானும் சுஆத்தும் பின்வளவால் குசினிக்குள் போனோம். ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உம்மா அடுப்படியில் இருந்தார். சுஆத் ராத்தாவிடம்தான் பேசினாள். மருந்து காயும்வரை நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம், உங்கள் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் சில நாள் படுங்கள், பிறகு பயமில்லை என்றாள். என்னால் என் ராத்தாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் சொன்னாள். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அந்த ஒரு தடவை மட்டும்.

உம்மா திரும்பிப் பாராமலே வேண்டாம் என்றார்.

எங்கள் ராத்தா உம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. சேலையின் நிறத்தைக்கூட உம்மாதான் சொல்ல வேண்டும். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"உம்மா, ஊடு என்ட பேரிலதானே இரிக்கி. அடிக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை. சோறு வடிக்கட்டும் என்பது போலத்தான் சொன்னாள். உம்மா அவளைப் பார்த்தார். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. அது கோபமா, வேறு என்னவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அறைக்குள் போனார். "ஊட்டுக்காரி சென்னா செய்யத்தானே வேணும்" என்று சொல்லிக்கொண்டு முதல் தலையணையை அவர்தான் தூக்கினார்.

மச்சானைக் கம்பளியோடு பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றினோம். அவருக்குக் குளிசை கொடுக்கும் பொறுப்பை ரமோன் எடுத்துக்கொண்டான். நானும் சுஆத்தும் மாறி மாறித் தாங்கியைச் சுமந்து, கூரைக் கீழ்வரை அடித்தோம். நாற்றத்துக்குத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டோம். வெள்ளைச் சுவரெல்லாம் சாம்பல் பட்டைகள். உம்மா பார்த்துவிட்டுத் தலையணைகளை எடுக்கப் பின்வளவுக்குப் போனார்.

பெருநாள்

பிறகு நோன்புப் பெருநாள் வந்தது. ஊர் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்தார்கள். மேலே வெள்ளையடித்தால் மருந்து மூடப்பட்டுவிடும் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர் கேட்டார்கள், பாதிப் பேருக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெருநாள் பார்க்க வந்த மாமி, இதென்ன புள்ள, புது ஊட்டுக்குச் சீக்குப் புடிச்ச மாதிரி என்றார். உம்மா வட்டிலப்பத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, சுவரில் கை வைத்தால் கை இருக்காது என்றார். மாமி அதற்குப் பிறகு சாப்பிட மட்டும் செய்தார்.

அதற்குள் முகாம் கலைந்துவிட்டது. சுஆத் போகும்போது ராத்தாவின் வயிற்றில் கை வைத்து அரபியில் நீளமாக ஒரு துஆ ஓதினாள். எங்களுக்குச் சொல் விளங்கவில்லை. உம்மா, ராத்தா, நான் மூன்று பேரும் ஆமீன் சொன்னோம். மூன்று பேரும் அழுதோம்.

ராத்தாவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. மாசம் நிறைந்து, அந்தப் பட்டை விழுந்த அறையிலேயே பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி வெளியே வந்து பொம்பிளைப் பிள்ளை என்றார். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றுவிட்டு, பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல உள்ளே போனார். மச்சான் வீட்டு மண்டபத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுக்கம்தான், ஆனால் அது மலேரியா நடுக்கமில்லை.

உம்மா பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இனி இவக்கும் ஒரு ஊடு கட்டோணும். அந்தச் சுவரையாவது கெடுக்க வராம, அதுக்குள்ள ஒங்கட வேலைய முடிச்சிருங்க."

இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது அந்த வேலை முடிய. எங்கேயெங்கேயோ இருந்த எத்தனையோ பேர் சேர்ந்து முடித்தார்கள். ராத்தாவின் அந்த மகளுக்கு வீடு கட்டி வெள்ளையடித்த வருடம், மருந்துத் தாங்கியோடு யாரும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை.